நடிகை படி துறந்த வீடு

நகுலேஸ்வரியின் வீட்டுச் சுவரில் நினைவுத் தகடு பதித்த அன்று அவள் நூற்றிருபது உழுந்து வடை சுட்டாள். அது அவள் செய்த முதற் பிழை. வடையைத் தின்று கைதுடைத்தவர்கள் ஒரு கடதாசியை நீட்டிக் கணவன் கணேசலிங்கத்திடம் கையெழுத்து வாங்கியபோது, அது என்ன கடதாசி என்று கேளாமல் விட்டது இரண்டாவது பிழை. விருந்தினர் வந்துபோனதற்கு அடையாளமாக ஏதோ வாங்குகிறார்கள் என்று இருவரும் நினைத்தார்கள். கணேசலிங்கம் தன் கையெழுத்தின் கீழ் "மீண்டும் வருக" என்றுகூட எழுதிக் கொடுத்தார்.

வீடு தென்கிழக்கு லண்டனில், லூயிஷாம் சந்தையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மேலே இரண்டு படுக்கையறையும் கழிப்பறையோடு சேர்ந்த குளியலறையும். கீழே முன்னறை, சமைக்கும் குசினி, அதற்குப் பின்னால் அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் கிடக்கும் ஒரு சாமான் அறை. கணேசலிங்கம் ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டி வாங்கிய வீடு. நகுலேஸ்வரி பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்தாள். அந்த வீட்டில் தங்களுக்கு முன் யார் இருந்தார்கள் என்று இருபத்துமூன்று வருடங்களில் அவர்கள் ஒரு தரமும் யோசித்ததில்லை.

யோசித்தவர் திரு. ஹார்ட்விக். வெள்ளித்திரை வாழிடப் பாதுகாப்புப் பேரவை என்ற அமைப்பின் கள அலுவலர். கழுத்தில் பட்டுத் துணி சுற்றிய, மெலிந்த உயரமான மனிதர். ஒருநாள் கதவைத் தட்டி, பழைய ஹொலிவூட் நட்சத்திரம் ஐரிஸ் டெலமேர் தன் கடைசிப் பதின்மூன்று வருடங்களை இந்த வீட்டிலேதான் கழித்தார் என்றார். சொல்லிவிட்டு வாசற்கதவை ஒருதரம் தடவிப் பார்த்தார். கணேசலிங்கத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

நகுலேஸ்வரி கேட்டது ஒரு கேள்விதான். "செத்தது எந்த அறையிலை?"

முன்னறையில் என்றார் ஹார்ட்விக். அவர் போனதும் அவள் முன்னறை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

தகடு திறக்க வந்தவர் பேரவைத் தலைவி மிஸஸ் ஒக்லி-பிரைஸ். வாசலில் நின்று இருபது நிமிடம் பேசினார்.

"ஐரிஸ் டெலமேர் இருபத்துமூன்று படங்களில் நடித்தார். ஆனால் உலகம் நினைவு வைத்திருப்பது ஒரு காட்சியை. வெண்பட்டு உடுத்தி அவர் நாற்பத்திரண்டு படிகள் இறங்கி வரும் காட்சி. இயக்குநர் அதை அறுபத்தொரு தடவை எடுத்தார். அறுபத்தொரு தடவையும் அவர் சிரித்தபடியே இறங்கினார். அப்படிப்பட்டவர் இந்த எளிய வீட்டுக்கு வந்த பின், தன் கடைசி எட்டு வருடங்களில் ஒரு படிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. கீழ் அறையிலேயே வாழ்ந்தார். படிகளால் உலகை வென்றவர், இறுதியில் படிகளையே துறந்தார். கலை வரலாற்றில் இது ஒரு துறவு."

எல்லோரும் கை தட்டினார்கள். நகுலேஸ்வரியும் தட்டினாள். எட்டு வருடம் மேலே போகாமல் இருந்த மனுசி எங்கே குளித்தாள், எங்கே போனாள் என்று அந்த நேரத்தில் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது.

பதினான்கு மாதம் கழித்து, பஸ் டிப்போவில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற கணேசலிங்கம் அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். வலது காலும் கையும் பாதி போயின. அதோடு ஒரு விசித்திரமும் நடந்தது. இருபத்தெட்டு வருடம் பஸ்ஸுக்குள் "பின்னுக்குப் போங்கோ" என்று கத்திய அவருடைய ஆங்கிலம் ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விட்டது. ஜேர்மன் பாஷையும் போயிற்று. தமிழ் மட்டும் தப்பியது, அதுவும் சொல்லுக்குச் சொல் நின்று நின்று. ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கு மேல் ஒரு வெள்ளை மட்டையில் "பேச்சற்றவர்" என்று எழுதி வைத்தார்கள். அவர் அதற்குக் கீழே படுத்திருந்து நாள் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

அவரைப் பழையபடி நடக்கவும் உடுக்கவும் பழக்கியவள் ஆஸ்பத்திரிச் சிகிச்சையாளர் தாரிணி என்ற பெட்டை. இங்கே பிறந்தவள். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கதைப்பாள்.

"அன்ரி, அங்கிள் நடக்கிற ஃப்ரேம் பிடிச்சுப் பத்துப் பதினைஞ்சு அடி நடப்பார். ஆனால் ஸ்டெப்ஸ் ஏலாது. படி ஏறாமல் போகக்கூடிய ரொய்லெற் ஒண்டு இருந்தால் நான் வீட்டுக்கு விடலாம். அது இந்த ஃபோர்மிலை இருக்கிற கேள்வி. நான் இருக்கெண்டு ரிக் பண்ணவேணும்."

"கட்டிலுக்குப் பக்கத்திலை கொமோட் கதிரை ஒண்டு வைச்சா?"

"நீங்கள் வேலைக்குப் போனால் ஆர் அதைத் துப்புரவாக்கிறது? அதுக்கு ஆள் அனுப்ப மாட்டினம். ரொய்லெற் இல்லாட்டி பிளேஸ்மென்ற்தான். குரோய்டனுக்கு அங்காலை ஒரு ஹோமிலை இடம் இருக்காம்."

"அங்கை தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

தாரிணி பேனாவை மூடித் திறந்தாள்.

அன்றிரவே நகுலேஸ்வரி கட்டிட வேலை செய்யும் றமணனுக்கு போன் எடுத்தாள். அவன் மறுநாள் வந்து சாமான் அறையை அளந்தான். "அக்கா, ரெண்டு கிழமை வேலை. அந்த மூலையிலை ரொய்லெற், இந்த மூலையிலை ஷவர். வெளியிலை குழாய் புதைக்கவேணும், அதுக்கு மட்டும் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போடுங்கோ" என்றான்.

கவுன்சில் மரியாதையாகப் பதில் எழுதியது. கழிப்பறை கட்டுவதில் தங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் வீட்டின் மேல் பாதுகாவல் உடன்படிக்கை ஒன்று பதியப்பட்டிருக்கிறது, பேரவையின் சம்மதம் இல்லாமல் உள்ளே ஓர் ஆணியும் அடிக்க முடியாது. இத்துடன் பிரதி. பிரதியைப் பார்த்தாள். ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் கணவனுடைய கையெழுத்து, அதன் கீழே "மீண்டும் வருக".

பேரவையின் விண்ணப்பப் படிவத்தில் முப்பத்தாறு கேள்விகள் இருந்தன. பதினான்காவது கேள்வி: "உத்தேச மாற்றத்தினால் ஐரிஸ் டெலமேர் அவர்களுக்கு உண்டாகும் நன்மை யாது?" நகுலேஸ்வரி வெகுநேரம் யோசித்து, "அவ செத்துப்போனா" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். மூன்று கிழமையில் படிவம் திரும்பி வந்தது. பதினான்காவது கேள்விக்கான பதில் போதுமானதாக இல்லை, மேலதிக தாள் இணைக்கவும் என்று சிவப்பு மையில் இருந்தது.

பிறகு ஹார்ட்விக் நேரில் வந்தார். சாமான் அறையின் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். அரிசி மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மிஸஸ் கணேசலிங்கம், இந்த அறையில் ஐரிஸ் என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. வசனம் ஒத்திகை பார்த்திருக்கலாம். அழுதிருக்கலாம். என்ன நடந்தது என்று தெரிந்த இடத்தில் கை வைக்கலாம். தெரியாத இடத்தில் கை வைத்தால் என்னத்தை அழித்தோம் என்றுகூட நமக்குத் தெரியாமல் போகும்."

"என்ரை மனுசனுக்கு நடக்க ஏலாது. போக ஒரு இடம் வேணும்" என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"எனக்கு முழுமையாக விளங்குகிறது. என் நெஞ்சும் வலிக்கிறது. ஆனால் பாருங்கள், உங்கள் கணவருக்கு அரிய வாய்ப்பு ஒன்று வாய்த்திருக்கிறது. அவரும் அந்த முன்னறையிலேயே வாழலாம், ஐரிஸ் வாழ்ந்ததைப் போல. படிகளைத் துறந்து." ஹார்ட்விக் சற்று நேரம் அந்தக் காட்சியைத் தன் மனதுக்குள் பார்த்தார். "உண்மையில், அது இந்த வீட்டுக்கு மிகவும் பொருந்தும்."

போகும்போது ஒரு வழி சொன்னார். அந்த அறையில் நடிகை என்ன செய்தார் என்று யாராவது ஆதாரத்தோடு நிரூபித்தால் பேரவை விண்ணப்பத்தை விசாரணைக்கு எடுக்கும். நடிகையின் பெட்டிகள் பேரவையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்து முடிக்கப் பேரவையிடம் ஆள் இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நான்... பஸ்ஸிலை... ராம்ப் இறக்கி... வீல்செயர்காரர் எத்தினை பேரை ஏத்தினனான். ஒருத்தரிட்டையும்... காரணம் கேக்கேல்லை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இஞ்சேரும். என்னை வீட்டை... கூட்டிக்கொண்டு போம்."

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. நகுலேஸ்வரி மத்திய லண்டனில் இருந்த காப்பகத்துக்குப் போனாள். நிலத்துக்குக் கீழே குளிரான ஓர் அறை. அவளுடைய கைப்பையை வாங்கிப் பூட்டினார்கள். பேனா கூடாது என்று பென்சில் கொடுத்தார்கள். வெள்ளைக் கையுறை போடச் சொன்னார்கள். பள்ளிக்கூடச் சமையலறையிலும் அவள் நாள் முழுக்கக் கையுறைதான் போடுவாள் என்பதால் அது ஒன்று மட்டும் பழக்கமாக இருந்தது.

முதல் நாள் படங்களும் ஒப்பந்தங்களும் வந்தன. ஆங்கிலம் அவளுக்கு மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஒப்பந்தம் என்றால் என்ன என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐரிஸ் டெலமேர் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. பிறந்தவள் ஐடா ஸ்டப்ஸ். நெப்ராஸ்கா என்ற கோதுமை விளையும் மாநிலத்தில் ஒரு கமக்காரனுடைய ஐந்தாவது பெட்டை. ஒரு சவர்க்காரக் கொம்பனி வைத்த அழகுப் போட்டியில் பதினேழு வயதில் வென்று, ரயிலேறிக் கலிபோர்னியா போனாள். ஸ்டூடியோக்காரர்கள் பெயரை மாற்றினார்கள். நெற்றி சின்னதாக இருக்கிறதென்று முன்மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். கன்னம் ஒட்டித் தெரிய வேண்டும் என்று இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லைக் கழற்றினார்கள். கலியாணம் கட்டவேண்டுமானால் ஸ்டூடியோவின் சம்மதம் வேண்டும். வெளியிடத்தில் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது. ஏழு வருட ஒப்பந்தம். ஒரு படத்துக்கு மாட்டேன் என்று சொன்னால், வீட்டில் சும்மா இருந்த அத்தனை மாதத்தையும் ஒப்பந்தத்தின் வாலில் கட்டினார்கள். ஏழு வருடம் பதினொன்றாக நீண்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வட்டமான, நம்பிக்கையான பதினேழு வயதுக் கையெழுத்து. இருபத்தெட்டு வயதில் ஸ்டூடியோ அவளை இரண்டு வரியில் அனுப்பிவிட்டது. லண்டனில் ஒரு நாடகத்துக்கு வந்தாள், அது மூன்று கிழமையில் நின்றுபோயிற்று. திரும்பிப் போக ஓர் இடமும் இல்லாதபடியால் இங்கேயே இருந்து, தொப்பிக் கடையில் நின்றாள், பிள்ளைகளுக்குப் பேச்சு பழக்கினாள்.

மூன்றாம் நாள், "வீட்டுச் சில்லறைக் கடிதங்கள், முக்கியமற்றவை" என்று எழுதிய ஒரு பெட்டி வந்தது. கட்டின நூல் கட்டினபடி இருந்தது. உள்ளே முப்பத்தொரு கடிதங்களின் நகல்கள். வந்த பதில்களும் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன.

முதற் கடிதம் இப்படித் தொடங்கியது: "ஐயா, சென்ற மாதம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. என் வீட்டில் கழிப்பறை மேலே இருக்கிறது. நான் கீழே இருக்கிறேன்."

நகுலேஸ்வரி பென்சிலைக் கீழே வைத்தாள். அது அவளே எழுதிய கடிதம் போல இருந்தது.

வீட்டு வசதிக்குப் பொறுப்பான ஏதோ ஓர் அலுவலகம் அப்போது எழுதிய பதிலில், விண்ணப்பம் ஐயத்துக்கு இடமானது என்று இருந்தது. "எமது அதிகாரி ஒருவரும் அவருடைய மனைவியும் தாங்கள் நாற்பத்திரண்டு படிகளை மிக இலகுவாகக் கையாளுவதைத் திரையில் நேரடியாகக் கண்டுள்ளனர்."

அதற்கு நடிகை எழுதியிருந்தாள்: "தங்கள் அதிகாரிக்கு நன்றி. அவர் கண்டது நான் இறங்குவதை. எனக்கு ஏறவேண்டும்."

இப்படியே ஏழு வருடம். பின்னால் இருந்த சாமான் அறையில் ஒரு திரைச்சீலை கட்டி, அதற்குப் பின்னால் வாளி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் காலையில் வந்து எடுத்து ஊற்றுவாள். அவள் வராத நாட்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் இருந்தது. நகுலேஸ்வரி அதைப் பாதியில் நிறுத்தி, அறையில் வேறு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, பிறகுதான் மிச்சத்தைப் படித்தாள்.

முப்பத்தோராவது கடிதம் நாலு வரி. எல்லாக் கடிதங்களிலும் ஐரிஸ் டெலமேர் என்று ஒப்பமிட்டிருந்தவள், அதில் மட்டும் ஐடா ஸ்டப்ஸ் என்று எழுதியிருந்தாள்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை நடந்தது. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கணேசலிங்கத்தைக் குரோய்டன் பக்கத்து இல்லத்துக்கு ஏற்றுவதாகத் தேதி குறித்தாகிவிட்டது. நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். நடுவில் மிஸஸ் ஒக்லி-பிரைஸ். நகுலேஸ்வரி நீலச் சேலை உடுத்தி, கடிதங்களின் பிரதிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். நின்றபடியே வாசித்தாள். நாற்பத்திரண்டு படிக் கடிதத்தை வாசித்தாள். வாளிக் கடிதத்தை வாசித்தாள். கடைசியில் நாலு வரிக் கடிதத்தை வாசித்தாள்.

"ஐயா, இனி எனக்குக் கழிப்பறை வேண்டியதில்லை. பகல் ஒரு மணிக்குப் பிறகு தண்ணீர் குடியாமல் இருக்கப் பழகிவிட்டேன். இத்தனை வருடம் உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னியுங்கள். ஐடா ஸ்டப்ஸ்."

ஹார்ட்விக் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் வெளிப்படையாக அழுதார்கள். நகுலேஸ்வரிக்கும் கண் கலங்கியது. வென்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

ஏழு பேரும் பக்கத்து அறைக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். மிஸஸ் ஒக்லி-பிரைஸ் நின்றபடி பேசினார்.

"மிஸஸ் கணேசலிங்கம், நீங்கள் எங்கள் கண்களைத் திறந்துவிட்டீர்கள். இத்தனை வருடமும் நாங்கள் அதைத் துறவு என்று நினைத்தோம். அது துயரம். துயரம் துறவைவிட எவ்வளவோ உயர்ந்தது, பார்வையாளர்களும் அதையே அதிகம் விரும்புகிறார்கள். இந்த நாட்டில் கழிப்பறை உள்ள நடிகை வீடுகள் ஏராளம். கழிப்பறை இல்லாமையைத் தன்னகத்தே கொண்ட வீடு இது ஒன்றுதான். ஆகவே அந்த இல்லாமையை முதலாந்தரப் பாதுகாப்புக்கு உரியதாக இப்பேரவை ஏகமனதாக அறிவிக்கிறது. இது மிக மென்மையான பொருள் என்பதை எல்லோரும் உணரவேண்டும். ஒரே ஒரு கழிப்பறை போதும், அது முற்றாக அழிந்துவிடும்."

நகுலேஸ்வரிக்குத் தான் ஆங்கிலத்தைப் பிழையாக விளங்கிவிட்டோமோ என்று இருந்தது. "அப்ப என்ரை மனுசன்?" என்று கேட்டாள். தமிழில் கேட்டுவிட்டோம் என்று தெரிந்து, திரும்ப ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்கள் கணவரின் துன்பத்தை நாங்கள் மறக்கவில்லை" என்றார் தலைவி. "அது ஐரிஸின் துன்பத்தோடு ஓர் உரையாடலில் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் ஒரு வரி சேர்க்கலாம்."

பேரவை இதற்கு முன் எந்த வேலையையும் அவ்வளவு விரைவாகச் செய்ததில்லை. வருகிற சனிக்கிழமையே வீட்டைப் பொதுமக்களுக்குத் திறப்பதென்று முடிவாயிற்று. உடன்படிக்கையின் ஆறாம் பக்கத்தில் அதற்கு இடமிருந்தது. பார்வையாளர்களில் நடக்க முடியாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு வசதி செய்யாவிட்டால் சட்டப்படி குற்றம் என்று பேரவையின் இன்னோர் உபகுழு சுட்டிக்காட்டியது. பத்தே நிமிடத்தில் மின்னஞ்சலில் அனுமதி வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு லொறி வந்து, சக்கர நாற்காலி போகக்கூடிய அகலக் கதவுள்ள ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கழிப்பறையை முன்வளவில் இறக்கியது. வாசற்படிக்கு மேலால் ஓர் இரும்புச் சரிவும் போட்டார்கள்.

நகுலேஸ்வரி ஜன்னலால் அந்த நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாரிணிக்கு போன் எடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தாரிணி கணேசலிங்கத்தைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தாள். வாசலில் கழுத்தில் பேரவைப் பட்டி அணிந்த தொண்டர் ஒருத்தி அனுமதிச் சீட்டுக் கேட்டாள். நகுலேஸ்வரி முதல் நாளே கணவன் பெயரில் எடுத்து வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் தன் வீட்டுக்குள் வந்தார். தொண்டர் அவருடைய காதில் ஒலி வழிகாட்டியை மாட்டிவிட்டாள். அதில் ஒரு விளங்காத பெண்குரல் ஆங்கிலத்தில் உருகிக்கொண்டிருக்க, அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே முன்னறையைப் பார்த்தார். அவருடைய கதிரையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. சாமான் அறையில் அரிசி மூட்டை இல்லை, சைக்கிள் இல்லை. வெறும் மூலையில் ஒரு விளக்கின் ஒளி விழுந்துகொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாக வந்து அந்த வெறும் மூலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். ஒரு கிழவி கணேசலிங்கத்தைச் சுட்டி, இவர் நடிகைக்கு என்ன முறை என்று தொண்டரிடம் கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் கணேசலிங்கம்.

"நீங்கள் அவவுக்கு என்ன முறையெண்டு கேக்கிறா."

அவர் யோசித்தார். "அயல்வீட்டுக்காரன்... எண்டு சொல்லும்."

மூன்றரை மணிபோலத் தாரிணி ஃப்ரேமைக் கொடுத்து அவரை எழுப்பினாள். முன்னறையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சரிவால் இறங்கி நீலப் பெட்டிக்கு. பதின்மூன்று அடி. வியர்த்துக் கொட்டியது, ஆனால் விழவில்லை. கதவைத் தானே திறந்து உள்ளே போனார். தாரிணி கேற்றடியில் நின்று படிவத்தை விரித்தாள்.

"படி ஏறாமல் போகக்கூடிய ரொய்லெற் இருக்கோ? இருக்கு." ரிக் பண்ணினாள். "அது வீட்டுக்குள்ளை இருக்கவேணும் எண்டு இதிலை கேக்கேல்லை அன்ரி." இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். "அங்கிளின்ரை மருந்தும் உடுப்பும் என்ரை காரிலை கிடக்கு. நான் உங்களிட்டைச் சொல்லாமல்தான் கொண்டந்தனான். இது எடுபடுமோ எண்டு எனக்கே தெரியேல்லை."

"பிறகு உன்ரை வேலைக்கு ஏதும் வருமோ பிள்ளை?"

"தெரியாது அன்ரி" என்றாள் தாரிணி. ஒப்பத்தைப் போட்டுவிட்டாள்.

நாலு மணிக்கு ஹார்ட்விக் மணி அடித்தார். வீடு மூடும் நேரம், பார்வையாளர்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்றார். எல்லோரும் வெளியேறினார்கள். மருந்தையும் உடுப்பையும் இறக்கி வைத்துவிட்டுத் தாரிணியும் போய்விட்டாள். ஹார்ட்விக் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். ஒரு சீட்டுக்கு ஆள் இன்னும் வெளியேறவில்லை.

"அவர் வெளியிலைதான் இருக்கிறார்" என்று நீலப் பெட்டியைக் காட்டினாள் நகுலேஸ்வரி.

ஐந்து மணிக்கு லொறி வந்தது. ஓட்டி வந்தவர் கானா நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். பாரந்தூக்கியின் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியின் கதவைப் பார்த்தார். கைப்பிடிக்கு மேலே சிவப்பு அடையாளம் விழுந்திருந்தது.

"உள்ளே ஆள் இருக்கிறது" என்றார்.

"ஓம்" என்றாள் நகுலேஸ்வரி.

"ஐந்து மணிவரைக்கும்தான் வாடகை" என்றார் ஹார்ட்விக். "தயவுசெய்து எடுங்கள்."

"உள்ளே ஆள் இருக்கும்போது தூக்கக்கூடாது. எங்கள் கொம்பனியின் முதல் விதி. ஒருமுறை யாரோ தூக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு வந்த விதி."

"அப்படியானால் சரிவையாவது எடுங்கள்."

"இரண்டுக்கும் ஒரே வாடகைச் சீட்டு. ஒன்றாகத்தான் எடுக்கவேண்டும்."

ஹார்ட்விக் தன் தொழில் வாழ்க்கையில் ஒரு விதியோடு வாதாடியதே இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். ஓட்டுநர் லொறியின் படியில் அமர்ந்து ஒரு வாழைப்பழம் தின்றார். நாற்பது நிமிடம் போயிற்று. மழை தூறத் தொடங்கியது. ஓட்டுநர் எழுந்து வந்து ஜன்னலுக்குள் தெரிந்த சக்கர நாற்காலியையும், படிக்கட்டையும், நகுலேஸ்வரியின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சீட்டில், "ஆள் உள்ளே. எடுக்க முடியவில்லை" என்று எழுதினார்.

"அடுத்து எப்போது வருவீர்கள்?" என்றார் ஹார்ட்விக்.

"இந்தப் பக்கம் பதினெட்டு நாளைக்குப் பிறகு." லொறியில் ஏறப் போனவர், நகுலேஸ்வரியைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார். "அன்றைக்கும் ஆள் இருந்தால் நான் என்ன செய்ய முடியும், அம்மா?"

லொறி போயிற்று. ஹார்ட்விக் நீலப் பெட்டியை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, அறிக்கை எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கேற்றைச் சாத்தாமல் போனார். நகுலேஸ்வரி கேற்றைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குடை ஒன்றை எடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பிளாஸ்டிக் கூரையில் மழை சத்தமாக விழுந்தது.

"போயிட்டாங்களோ?" என்று உள்ளிருந்து கணேசலிங்கம் கேட்டார்.

"ஓம். போயிட்டாங்கள்."

உள்ளே ஃப்ரேம் ஒருதரம் தட்டுப்பட்டது.

"இஞ்சேரும்... எனக்கு இப்பதான்... மெய்யாவே வருது."

"அவசரமில்லை" என்றாள் நகுலேஸ்வரி. "ஆறுதலா இருங்கோ."